இங்கேயே குடியிருக்கிறார்

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். நீ, மாப்பிள்ளை, இரண்டு வாண்டுகள் எல்லோரும் சுகம்தானே? அப்பாவின் கண்ணைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன், தனியாகப் பதில் எழுது.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால்தான் கடிதம். கண் ஆபரேஷனுக்கு இரண்டே வாரம் என்று சொல்லித்தான் அப்பாவை பஸ் ஏற்றினேன். நேற்றோடு ஏழு வாரம். இரண்டு வாரத்துக்கான சட்டைகளைத்தான் மடித்து வைத்தேன். மிச்ச நாளெல்லாம் எதைப் போட்டுக்கொள்கிறார்? நீ புதிது வாங்கிக் கொடுத்திருப்பாய். அவருக்குத் தோள் சரியாக இருந்தால் கை நீளமாக இருக்கும், அரை அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டும். அது உனக்குத் தெரியாது.

ஏப்ரல் 26 தேர்தல். வழக்கம்போல நாலு தெருவின் வாக்காளர் பட்டியலை வார்டு ஆபீஸில் என் தலையில் கட்டிவிட்டார்கள். வீடு வீடாகப் போய், ஆள் இருக்கிறாரா, செத்துவிட்டாரா, ஊர் மாறிவிட்டாரா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். நேற்று நம் வீட்டுக்கும் நானே போனேன். கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்று, 'இரண்டு பேர்' என்று குறித்தேன். எதிர்வீட்டு சலூன்காரர் பார்த்துச் சிரித்தார். "உங்கப்பா எப்பம்மா வர்றார்? இந்தத் தடவை அவரை முந்தணும்னு இப்பவே அலாரம் வெச்சுட்டேன்" என்றார். ஒவ்வொரு தேர்தலிலும் வரிசையில் முதல் ஆளாக நிற்க அந்த இரண்டு கிழவர்களுக்கும் நடக்கும் போட்டி உனக்கு மறந்திருக்காது.

அப்பா என்றைக்குக் கிளம்புகிறார் என்று எழுது. 

உன் அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி தேவலையா? தைலம் தேய்த்துவிட ஆளில்லை என்று எழுதாமல் விட்டாயே, அதுவே ஆச்சரியம்.

அப்பாவின் வலது கண் பளிச்சென்று இருக்கிறது. இடது கண்ணையும் செய்துவிடலாம் என்று என் ஆஸ்பத்திரி டாக்டரே சொல்கிறார். லேபில் வேலை பார்ப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான், அதையும் வீணாக்கச் சொல்லாதே. அதனால் இன்னும் ஒரு மாதம்.

அவருக்கு இங்கே பொழுது நன்றாகவே போகிறது. காலையில் வாண்டுகளைக் கைபிடித்து நடத்திப் பள்ளியில் விடுகிறார். பள்ளி வேனில் ஏறும் மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத" என்று பழைய கண்டக்டர் குரலில் அதட்டுகிறார். எங்கள் கட்டடத்தில் இருபத்து நாலு வீடு. ஆறு வருஷமாக எனக்குத் தெரியாத அண்டைவீட்டார் எல்லோரும் இப்போது என்னைக் 'கண்டக்டர் பொண்ணு' என்கிறார்கள்.

சட்டை வாங்கினேன். கை நீளமாகத்தான் இருந்தது. மடித்துவிட்டுக்கொள்கிறார், ஒன்றும் குடிமுழுகிப்போகவில்லை.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளுக்கு, நான் சுகம், முதுகும் சுகம். நீங்கள் எல்லோரும் எப்படி என்று கேட்கவே தேவையில்லை போலிருக்கிறது.

கண்டக்டர் பொண்ணு! நாற்பத்து நாலு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். இரண்டே மாதத்தில் நீ பட்டம் வாங்கிவிட்டாய். படித்துவிட்டு எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. என் தெருவில் என்னைப் 'பட்டியல் அம்மா' என்கிறார்கள், வேண்டுமானால் அதையும் நீயே எடுத்துக்கொள்.

அப்பா வந்தே ஆக வேண்டும். ஓட்டு இங்கேதான் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக பஸ் ஏறிய மனுஷன், தேர்தலன்று ஒரு நாளாவது முதல் ஆளாக இருக்க ஆசைப்படுகிறார். ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அம்மா போன மறுவாரமே தேர்தல் வந்தபோதுகூடப் போய் நின்றார். இந்தத் தடவை எங்கள் நாலு தெருவில் எண்பது சதவீதம் தாண்ட வேண்டும் என்று ஆபீஸர் ஒற்றைக்காலில் நிற்கிறார். கடைசித் தேர்தலில் அறுபத்து மூன்றுதான். சொந்த வீட்டு ஓட்டே விழவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

மார்ச் கடைசியில் பஸ் ஏற்றிவிடு. ஜன்னலோரம் வேண்டாம், காது வலி வரும்.

உன் அக்கா

*

பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்குக் கோபிக்காதே. இடது கண் ஆபரேஷனும் முடிந்தது. அப்பா நலம்.

இதை எப்படி எழுதுவது என்று யோசித்தே மூன்று வாரம் போனது. எங்கள் தெருவிலும் பட்டியல்காரர் வந்தார். அப்பாவின் பெயரை இங்கே மாற்ற மனு கொடுத்திருக்கிறோம். அப்பாதான் கையெழுத்துப் போட்டார். இனி இங்கேயே இருக்கட்டும் அக்கா.

நீ குதிப்பாய் என்று தெரியும். அதற்கு முன் ஒன்று கேள். நீ ஆறாவது படித்தபோது ஓட்டுச்சாவடிக்கு அப்பா உன்னைக் கூட்டிப்போனார். திரும்பி வந்து ஒரு வாரம் அந்தப் பெட்டி, அந்த மறைப்பு, அந்த மை என்று நீ அளந்துகொண்டே இருந்தாய். அடுத்த தேர்தலுக்கு என் முறை என்றார். அடுத்த தேர்தலுக்கும் உன்னைத்தான் கூட்டிப்போனார், ஏனென்றால் நீ சண்டை போட்டு அழுதாய், நான் அழவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி இங்கே வந்து பதினைந்து வருஷம். அத்தனை வருஷமும் அவர் உன் அப்பாவாகத்தான் இருந்தார். எனக்கும் காதில் புகை வந்தது, நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

உன் தங்கை

*

பிப்ரவரி 28

சின்னவளுக்கு. நான் இருக்கிறேன்.

உனக்கு வீட்டுக்காரர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபத்து நாலு வீட்டு அண்டை அயல் இருக்கிறது. எனக்கு இருந்தது அப்பா ஒருத்தர். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் "வந்துட்டியா?" என்று கேட்க ஒரு குரல், அவ்வளவுதான் என் சொத்து. அதையும் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டாயே. ஆறாம் வகுப்புக் கணக்கை இப்போது தீர்க்கிறாயா?

அவர் கையெழுத்துப் போட்டாராம். கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் ஆளிடம் எதை நீட்டினாலும் போடுவார்.

எனக்குப் பொறாமைதான். பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். அவர் உன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று படித்த அன்று சாப்பிடவில்லை. சின்னப் பிள்ளைகள் மேல்கூடப் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா கையெழுத்துப் போட்டபோது கட்டு பிரித்து எட்டு நாள். மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டார். நான் இனிச் சண்டை போடப்போவதில்லை.

ஒரு வேலை விஷயம். விசாரணைத் தாள் உங்கள் ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்று இங்கே சொன்னார்கள். அங்கே யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ஆள் ஊர் மாறிவிட்டார் என்று எழுதித் தந்தால்தான் இங்கே பெயர் ஏறுமாம். மார்ச் 25 கடைசி நாள். அது உன் மேசைக்குத்தான் வரும். அப்பாவிடம் சொன்னேன். "பெரியவ கையில வந்தா கவலையில்ல" என்றார்.

கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடு அக்கா.

உன் தங்கை

*

ஏப்ரல் 7

அன்புள்ள சின்னவளுக்கு, நான் சுகம். உடனே பதில் எழுத முடியவில்லை, வேலை கழுத்தை நெரிக்கிறது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

வாக்காளர் சீட்டுகளை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "நான் ஒருத்தன் போட்டு என்னம்மா ஆகப்போவுது?" என்று கேட்காத வீடு இல்லை. மாவு மில்காரர் வீட்டில் ஆறு ஓட்டு, ஒருத்தரும் போனதில்லை. மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை அவர் மனைவி, "இந்தம்மா நடையை நிறுத்துறதுக்காவது போய்ப் போட்டுட்டு வாங்க" என்று அவரைத் திட்டினாள். மெத்தைக் கடைக்காரர் வருகிறேன் என்கிறார். நடக்க முடியாத டீச்சரை அழைத்துவர சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருக்கிறேன்.

குளியலறையில் கைப்பிடி வைத்துவிட்டேன். அப்பா அறைக்குப் புது விளக்கு போட்டேன், புதுக் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா? சலூன்காரர் தினமும் விசாரிக்கிறார். 25-ம் தேதி காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் சாயங்காலம் வந்து சேர்ந்துவிடுவார், எட்டு மணி நேரம்தானே.

ஆபீஸ் தாளெல்லாம் ஆபீஸ் வழியில் போகும். அதைப் பற்றி நாம் எழுத வேண்டாம்.

உன் அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

26-ம் தேதி விடியும் முன்பே அப்பா குளித்து, சட்டை மாட்டி, என்னையும் கிளப்பிவிட்டார். எங்கள் சாவடியில் முதல் ஆள் அவர்தான். வாண்டுகளும் வந்தார்கள். கதவு திறந்ததும் உள்ளே போனார். பட்டியலில் பெயர் இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அதிகாரி அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு எதையோ காட்டிப் பேசினார். வெளியே வந்து, "பட்டியல் அடிக்கிறப்ப விட்டுப்போச்சாம், விடு" என்றார். நான் ஓட்டுப் போட்டுவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். "பெரிய பொண்ணு ஊருக்குப் போறேன், காலையில வந்துடுவேன்னு சொல்லு" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

மறுநாள் காலை வந்தார். நேரே போய்ப் படுத்துவிட்டார்.

மனசு கஷ்டமென்றால் அவர் கால் உன்னைத் தேடித்தான் போகிறது. ஐந்து மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான், அப்படி இருந்தும் ஆறுதலுக்கு நீதான். என்ன பேசினீர்கள்? நீ என்ன சமைத்துப் போட்டாய்? என்னைப் பற்றி என்ன சொன்னார்? எனக்கும் பொறாமை வரும் அக்கா, அது உன் ஒருத்திக்கே பட்டா போட்டுக் கொடுத்ததில்லை.

உன் தங்கை

*

மே 4

அன்புள்ள சின்னவளுக்கு. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

அப்பா இங்கே வரவில்லை.

சத்தியமாக வரவில்லை. 25-ம் தேதி சாயங்காலம் பஸ் நிலையத்தில் மூன்று பஸ் பார்த்தேன். 26 முழுக்கப் பள்ளிக்கூட வராண்டாவில், சாவடி வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். சலூன்காரர் முதல் ஆளாக நின்றார். கதவு திறந்தும் உள்ளே போகவில்லை, தெருமுனையையே பார்த்தார். "போட்டிக்கு ஆளே இல்லாம முதல்ல போய் என்னம்மா பண்றது?" என்று இரண்டு பேரை முன்னால் விட்டார்.

மாவு மில் வீட்டில் ஆறு பேரும் வந்தார்கள். டீச்சர் நாற்காலியில் வந்தார். நாலு தெருவுக்கும் சேர்த்து 611 பெயர், 506 ஓட்டு. எண்பத்து இரண்டு சதவீதம், வார்டிலேயே அதிகம். ஆபீஸர் எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொன்னார். என் கண் பட்டியலில் ஒரே ஒரு வரியில்தான் இருந்தது. வந்தால் ஐந்து மணிக்குள் வர வேண்டும், வந்துவிடுவார் என்று கடைசி நிமிடம் வரை நினைத்தேன்.

அப்பா எங்கே போனார்? கேட்டு எழுது. உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாரா?

உன் அக்கா

*

மே 11

மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. இந்தக் கடிதம் சின்னவளுக்குத் தெரியாது.

அந்த அதிகாரி எனக்குக் காட்டியது, உங்கள் ஊரிலிருந்து திரும்பி வந்த விசாரணைத் தாள். 'நேரில் பார்த்தேன். இங்கேயே குடியிருக்கிறார்' என்று எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்க்கும் முன்பே எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. சிலேட்டில் கைபிடித்து எழுதவைத்தவன் நான்தானே.

முப்பத்தொரு வருஷம் டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னை இறக்கிவிட்டார்கள், பேத்திகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உங்க பேரு பழைய ஊர்லயேதான் இருக்கு, அஞ்சு மணிக்குள்ள போனா போடலாம்" என்று அதிகாரி பாவம் பார்த்துச் சொன்னார். கிளம்பினேன். பாதி பஸ் தேர்தல் வேலைக்குப் போய்விட்டது. கிடைத்த பஸ்ஸும் வழியில் டயர் மாற்றி, பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தபோது ஐந்து பத்து.

கேட் சாத்தியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். நீ வராண்டாவில் உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். இளைத்துவிட்டாய். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாய். ஓடி வந்திருந்தால் மன்னித்திருப்பேன். அன்றைக்கு மன்னிக்க மனசு வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

என் மேலும் தப்பு இருக்கிறது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகளோடு இருக்க எனக்குப் பிடித்திருக்கிறது. உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியமில்லை. தாள் உன் மேசைக்கு வரும், படித்துத் தெரிந்துகொள்வாய் என்று கோழையாக இருந்துவிட்டேன். மறுபடியும் மனு கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

மே 19

அன்புள்ள சின்னவளுக்கு. அப்பாவின் ஓட்டை நான்தான் தடுத்தேன்.

தாள் மார்ச் 14 வந்தது. ஆறு நாள் பையிலேயே வைத்திருந்தேன். ஏழாவது நாள் அவர் அறைக்குப் போய் நின்று, 'இங்கேயே குடியிருக்கிறார்' என்று எழுதினேன். பெயர் இங்கே இருந்தால் ஓட்டுக்கு இங்கே வருவார், வந்தால் விடமாட்டேன் என்று நினைத்தேன். அவர் அங்கே போய் வரிசையில் நிற்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனசில் அவர் என்னிடம் வருவது ஒன்றுதான் இருந்தது.

அவர் இங்கே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நேற்றுத்தான் தெரிந்தது. உன்னிடம் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஆபீஸிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திட்டு. திட்டியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள சின்னவளுக்கு அக்கா எழுதுவது. நீங்கள் எல்லோரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நியாயம்தான், நானாக இருந்தால் ஐந்து வருஷம் எழுதமாட்டேன்.

எனக்கு மெமோ கொடுத்து, பட்டியல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பிறப்புச் சான்றிதழ் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு தெருவையும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பார்க்கிறாள்.

நேற்றுக் காலை அவள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னைத் தெரிந்தும், விதிப்படி அப்பா பெயரை முழுசாக வாசித்து, "இவர் இங்க குடியிருக்காரா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"தற்காலிகமா போயிருக்காரா, நிரந்தரமாவா? ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு."

எனக்குத் தெரியாத கட்டமா? நூறு வீட்டு வாசலில் நின்று நானே கேட்ட கேள்விதான். ஒரு நிமிஷம் பொறு என்றேன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவசரப்படுத்தவில்லை. நல்ல பெண். நிரந்தரமாகத்தான் என்று சொல்லி, வீட்டில் உள்ளவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாளில் அப்பாவின் பெயர் உங்கள் பட்டியலில் ஏறிவிடும். நீயே அவரிடம் சொல். அடுத்த தேர்தலுக்கு அவர் முதல் ஆளாக நிற்கட்டும், நீ பக்கத்தில் நில். கேட்டதும் அவர் சந்தோஷப்பட்டார் என்றால், அதை மட்டும் எனக்கு எழுதாதே.

உன் அக்கா